சாலைக் கடைத்தெருவில் ஒரு சிவப்புப் பொட்டு

மணக்காடு,
திருவனந்தபுரம்.
புரட்டாசி 24, வெள்ளிக்கிழமை.

பெரும் மரியாதைக்குரிய அத்தான் அனந்தபத்மநாபன் அவர்களின் சமூகத்துக்கு, மைத்துனன் குற்றாலலிங்கம் இரு கையும் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், சூடாமணி, மகள் ஸ்ரீலட்சுமி மூவரும் உடம்புக்குச் சுகம். மனசுக்கும் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நாகர்கோவிலில் தாங்களும் கௌசல்யா அக்காவும் இரண்டுக்குமே சுகமாக இருக்க நாகராஜாவைக் கும்பிட்டுக்கொள்கிறேன். காலையில் பிரஷர் மாத்திரை போட்டாயிற்றா என்று அக்காவிடம் ஒரு தடவை கேட்டுக்கொண்டு மேலே படிக்கவும்.

போன் இருக்கும்போது இவன் எதற்குத் தபால் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் அடுக்களைக்குக் கேட்கும். வாட்ஸ்ஆப் ஸ்ரீலட்சுமி வைத்துக்கொடுத்தது. என் போனில் வருவதெல்லாம் எப்படியோ அவள் கம்ப்யூட்டரிலும் வருகிறது. அதனால் கடையில் பிளாஸ்டிக் டிரம்களுக்குப் பின்னால் உட்கார்ந்து, வியாபாரம் இல்லாத நேரம் பார்த்து, நாலு நாளாக இதை எழுதுகிறேன். விஷயம் இதுதான். நம் ஸ்ரீலட்சுமியை வருகிற தை மாசம் உகாண்டாவுக்கு அனுப்ப வேண்டுமாம். ஆமாம், ஆப்பிரிக்காவில் இருக்கிற உகாண்டாதான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தாங்கள் வந்து சொல்ல வேண்டும். ஒரு தகப்பனுக்கு இந்தக் கதி எப்படி வந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன், கோபப்படாமல் கேட்க வேண்டும்.

அவள் பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் வருஷம் என்பது தங்களுக்குத் தெரியும். விலங்கியல் என்றால் மான், மயில் என்று நான் நினைத்திருந்தேன். ஆனி மாசம் காலேஜ் திறந்ததும் டீச்சர் ஒருத்தி இவளை ஒரு கூட்டத்தில் சேர்த்துவிட்டாள். ஆறு நாட்டு மாணவர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து மலேரியாவை ஒழிக்கப் போகிறார்களாம். அரசாங்கங்கள் பார்த்துக்கொள்ளாதா மக்களே என்றேன், கேட்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊரில் தேங்கிய தண்ணீரை வெள்ளைக் கோப்பையில் மொண்டு பார்க்க வேண்டும், கொசுப்புழு இருந்தால் போட்டோ எடுத்து, எல்லோருக்கும் பொதுவாக இருக்கிற ஒரு வரைபடத்தில் போட வேண்டும், சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு எல்லோரும் கம்ப்யூட்டரில் முகம் காட்டிப் பேச வேண்டும். எங்களுக்கு விளக்கு வைக்கிற நேரம், உகாண்டாவில் நாலு மணி டீ நேரம், பிரேசிலில் ஒரு பையனுக்கு அப்போதுதான் காலைப் பலகாரம். அவன் வாயில் ரொட்டியோடு கொசுவைப் பற்றிப் பேசுவதை நான் என் கண்ணால் பார்த்தேன். வெள்ளைக் கோப்பை வேண்டும் என்று நம் கடையிலிருந்து இரண்டை எடுத்துப் போனாள். சூடாமணி ரசம் ஊற்றுகிற கரண்டியும் அன்றைக்கே காணாமல் போயிற்று. இப்போது வீட்டில் யார் ரசம் ஊற்றினாலும் நான் முதலில் கரண்டியைத்தான் பார்க்கிறேன்.

இதற்கு நடுவில் தியாகு விவகாரம். ஆடி முதல் வாரம், அவள் அறையில் பேசிக்கொண்டிருப்பது என் காதில் விழுந்தது. தியாகு சொன்னான், தியாகு அனுப்பினான், தியாகு பாவம் நேற்றுத் தூங்கவே இல்லை. ஒற்றை மகள். கூப்பிட்டு உட்கார வைத்து, குரலை உயர்த்தாமல் கேட்டேன்.

"யாரு மக்களே அந்தத் தியாகு? எந்த ஊரு?"

"மனாஸ், எப்பா."

மானூர் என்றுதான் எனக்குக் கேட்டது. திருநெல்வேலிப் பக்கம் மானூரில் நம்மிடம் குடமும் பக்கெட்டும் வாங்குகிற ஒரு ஏவாரி உண்டு. மறுநாளே அவரைக் கூப்பிட்டு, உங்கள் ஊரில் தியாகு என்று காலேஜ் படிக்கிற பையன் உண்டா, யார் மகன், குணம் எப்படி என்று விசாரித்தேன். நல்ல மனுஷர், மூன்று நாள் அலைந்து இரண்டு தியாகுவைக் கண்டுபிடித்துச் சொன்னார். ஒருவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாம், இன்னொருவனுக்கு வயசு ஒன்பதாம். கடைசியில் சனிக்கிழமை அவள் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். அவன் பேர் தியாகோ. ஊர் பிரேசிலில் ஒரு காட்டு ஓரம். காதில் ஒரு கடுக்கன். "ஹலோ அங்கிள்" என்று ரொட்டியை உயர்த்திக் காட்டினான். எனக்கு நிம்மதி வந்ததா, பயம் கூடியதா என்று இன்றைக்குவரை தெரியவில்லை. மானூர் ஏவாரி மட்டும் இன்னும் போன் செய்து, சம்பந்தம் முடிஞ்சுதா அண்ணாச்சி என்று கேட்கிறார்.

அந்தக் கூட்டத்தில் அகெல்லோ என்று உகாண்டாவிலிருந்து ஒரு பெண் உண்டு. இவள் வயசுதான். அதிகம் சிரிக்க மாட்டாள். எல்லோரும் அனுப்புகிற போட்டோக்களைச் சரி பார்க்கிறவள் அவள். அவள்தான் இவளிடம், உன் வீட்டுத் தண்ணீரைப் பார்த்தாய், உன் அப்பா கடையைப் பார்த்தாயா என்று கேட்டிருக்கிறாள். அத்தான், நான் விற்பது என்ன? டிரம், அண்டா, பூத்தொட்டி, குளிக்கிற டப். கடை வாசலில் வாய் மேலே பார்க்க அடுக்கி வைத்திருந்தேன். மேலே இருந்து பெய்வது கர்க்கடக மழை, நம் ஆடி மாசத்து மழை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் கோப்பையோடு வந்து நீல டிரம்மில் மொண்டாள்.

"எப்பா, இங்க வாங்க. சாதாக் கூத்தாடிப் புழு தண்ணிக்குள்ள தலைகீழாத் தொங்கும். இது பாருங்க, தண்ணி மட்டத்தோட படுத்துக் கிடக்கு. இதுதான் மலேரியாக் கொசுக் குஞ்சு."

"அது பாட்டுக்குக் கெடக்கட்டும் மக்களே, ஏவாரம் நடக்கிற இடம், மெதுவாப் பேசு."

மெதுவாகத்தான் பேசினாள். ஆனால் போட்டோவைப் போட்டுவிட்டாள். ஐந்து நிமிஷத்தில் வரைபடத்தில் சாலைக் கடைத்தெரு மேல் ஒரு சிவப்புப் பொட்டு. பெற்ற தகப்பன் கடை மேல், ஆறு நாடு பார்க்க! அழித்துவிடு என்று கெஞ்சினேன். புழு போனால்தான் பொட்டு பச்சையாகும், அதுதான் சட்டம், அகெல்லோவே நினைத்தாலும் அழிக்க முடியாது என்றாள். வேறு வழி? நானும் கடைச் சிப்பந்தி ஜெயனும் சேர்ந்து இருந்த டிரம்மையெல்லாம் குப்புறக் கவிழ்த்தோம். அதற்குப் பிறகு வருகிறவர்கள் டிரம் எங்கே என்று கேட்கிறார்கள். ஒரு அம்மாள் கவிழ்ந்த டிரம் மேல் உட்கார்ந்து, ஸ்டூல் உறுதியாக இருக்கிறது, நாலு கொடுங்கள் என்றாள். இவள் அத்தோடு விட்டாளா? தோழிகளைக் கூட்டிவந்து தெரு முழுக்க இறங்கினாள். பக்கத்தில் பூக்கடை சரசம்மா கையில் வாடாத தாமரையோடு என் கடை வாசலில் வந்து நின்று கத்தினாள்.

"குற்றாலம் சேட்டா, உங்க மோள் என்டெ தாமரை பக்கெட்ட ஓடையில கவுத்திட்டா கேட்டோ! பூவ நான் இனி தலையிலயா வைக்கறது?"

பூவைத் தலையில்தானே வைப்பார்கள் என்று ஜெயன் சொல்லப்போக, அவள் அவனையும் சேர்த்துத் திட்டினாள். கொசு என்பதற்கு இங்கே கொதுகு என்பார்கள். ஆட்டோக்காரர்கள் இவளைக் கண்டால் "கொதுகு மோள் வருந்நு" என்று வண்டியில் கிடக்கும் தண்ணீர் பாட்டிலைக்கூட ஒளித்து வைத்தார்கள். இந்தப் பேரோடு நாளைக்கு எந்த வீட்டில் போய் ஜாதகம் கொடுப்பது? ஆனால் ஆடி முடியுமுன்னே பொட்டு பச்சையாகிவிட்டது. அன்றைக்கு அகெல்லோ முதல்முறையாகச் சிரித்தாள் என்று ஸ்ரீலட்சுமி ஓடிவந்து சொன்னாள். அவள் சிரித்ததற்கு என் மகள் குதித்தாள்.

இனிமேல்தான் தாங்கள் அறியாத சங்கதி. ஆவணியில் ஓணத்துக்குச் சரக்கு எடுக்க நான் வடக்கே போய்ப் பத்து நாள் தங்கினேன் அல்லவா, அந்த லாட்ஜில் ஜன்னலுக்குக் கதவு இல்லை. திரும்பி வந்து ஓணமும் கழிந்து, ஒரு நாள் சாயங்காலம் கடையில் குளிர் எடுத்தது. சாதாரணக் குளிர் இல்லை. பல் கிட்டி, நாற்காலி ஆடி, நாற்காலி ஆடியதில் அடுக்கி வைத்த கோப்பைகள் சரிந்தன. ஜெயன் கடையில் கம்பளி ஏது என்று தேடி, மழைக்கு மூடுகிற தார்ப்பாயை என் மேல் போர்த்தினான். "அண்ணாச்சி, இது சாதாப் பனி அல்ல கேட்டோ, டாக்டரக் காணிக்கணும்" என்றான். இங்கே காய்ச்சலுக்குப் பனி என்றுதான் பேர். ஒரு மணி நேரம் குளிர், பிறகு அனல், பிறகு சட்டையைப் பிழிகிற வேர்வை. மறுநாள் ஒன்றுமே இல்லை, கல்யாணத்துக்குப் போகலாம் போல இருந்தது. அதற்கு மறுநாள் அதே நேரம் மறுபடியும். வீட்டில் நான் மூச்சு விடவில்லை. ஏன் என்று கேட்பீர்கள். ஸ்ரீலட்சுமிக்குத் தெரிந்தால் கடை மேல் வைத்த பொட்டை என் நெற்றி மேல் வைப்பாள்! மலேரியா ஒழிக்கிறவள் தகப்பனுக்கே மலேரியா என்று ஆறு நாட்டில் பேசுவார்கள். நானாகவே காய்ச்சல் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டேன். நன்றாக இருக்கிற நாளில், பார், போய்விட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். குளிர்கிற நாளில் ஜெயனிடம் சத்தியம் வாங்குவேன். இப்படி ஒன்பது நாள்.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. குளிர் தொடங்கும் முன் வீட்டுக்கு வந்து படுத்துவிடலாம் என்று வந்தேன், பஸ் தாமதம். கூடத்தில் இவள் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அதைத் தாண்டித்தான் அறைக்குப் போக வேண்டும். முதுகைச் சுவரோடு ஒட்டி மெல்ல நகர்ந்தேன். பல் அடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. இவள் திரும்பவில்லை. கம்ப்யூட்டரிலிருந்துதான் ஒரு குரல் வந்தது. அகெல்லோ. இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். இவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"எப்பா, கடைசியா என்னைக்குக் குளிர் வந்துன்னு அவ கேக்கா."

"குளிரா? எனக்கா? மழையில நனைஞ்சேன் மக்களே."

"இன்னைக்கு மழையே இல்ல எப்பா. முந்தாநாள் இதே நேரத்துல வந்துதான்னு கேக்கா."

கோடானுகோடி மைலுக்கு அப்பால் உட்கார்ந்திருக்கிற பிள்ளை என் கடையில் தார்ப்பாய்க்குள் நடந்ததை எப்படிக் கண்டாள் அத்தான்? எனக்கு மறைக்கத் தெம்பில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகு அந்தப் பெண் பேசிக்கொண்டே போனாள், குரல் உடைந்தது, இவள் எனக்கு எதையும் மொழிபெயர்க்கவில்லை, கம்ப்யூட்டரை மூடக்கூட இல்லை, செருப்பு மாட்டாமல் தெருவில் ஓடி ஆட்டோ பிடித்தாள். கூட வந்த சூடாமணி, அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் சந்தேகம் வந்து அழுதாள். ஆஸ்பத்திரியில் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். அரை மணியில் டாக்டர் வந்து, மலேரியா, பதினாலு நாள் மாத்திரை, ரகம் விவாக்ஸ் என்றார். எனக்கு விவாகம் என்று கேட்டது. அந்த நிலைமையிலும் நான் மகளைத்தான் திரும்பிப் பார்த்தேன்.

மலேரியாவுக்கு மலையாளத்தில் மலம்பனி என்று பேர். அதைச் சூடாமணி அப்படியே போனில் அக்காவிடம் சொல்ல, அக்கா அதை வேறு மாதிரி புரிந்துகொண்டு ஓமத்திரவமும், வயிற்றைக் கட்டிப் பிடிக்க மாதுளைத் தோலும் பஸ்ஸில் கொடுத்தனுப்பியது. அதற்கு நன்றி. எனக்கு வயிற்றில் ஒன்றும் இல்லை என்பதை இந்தச் சந்தர்ப்பத்தில் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். தங்கள் வடிவீஸ்வரம் தெருவில் யாரும் விசாரித்தால் திருத்திச் சொல்லவும்.

இரண்டு நாளில் ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஸ்ரீஜித் என்பவர் ஆட்களோடு கடைத்தெருவுக்கே வந்துவிட்டார். என்னைக் கடித்த கொசு வேறு யாரையும் கடித்திருந்தால் அவர்களுக்கும் வரும் என்று தெருவில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். நான் வீட்டில் படுத்துக்கொண்டு, ஒவ்வொருவர் பேராக நினைத்து நினைத்துப் பயந்தேன். ஜெயனுக்கு இரண்டு சின்னப் பெண்கள். என் தார்ப்பாயை மடித்துவைத்தவன் அவன். சரசம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒன்பது நாளில் என் ரத்தத்தைக் குடித்துவிட்டு எது எங்கே பறந்ததோ. சாயங்காலம் ஸ்ரீஜித் வீட்டுக்கு வந்தார். ஒருவருக்கும் இல்லை.

"அண்ணாச்சி, ஆடியில இந்தத் தெரு கிடந்த கிடப்புக்கு நீங்க இந்தப் பனியோட வந்திருந்தா கதை வேறயாக்கும். இப்ப நான் தெரு முழுக்கத் தேடினேன், ஒரு கூத்தாடி இல்ல. உங்க மோளும் கூட்டுகாரும் செய்த காரியம் அது."

அவர் போன பிறகுதான், அன்றைக்கு அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று மகளிடம் கேட்டேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அகெல்லோவுக்கு நாலு வயசுத் தம்பி ஒருவன் இருந்தானாம். முதல் நாள் காய்ச்சல். இரண்டாம் நாள் எழுந்து பந்து விளையாடினானாம், போய்விட்டது என்று வீட்டில் நினைத்தார்களாம். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்கள், பாதி வழிக்கு மேல் நடக்க வேண்டியிருக்கவில்லை. "உன் அப்பா நாளைக்கு நல்லா இருக்கேன்னு சொல்லுவாரு, நம்பாத, இப்பவே கூட்டிட்டுப் போன்னு சொன்னா எப்பா" என்றாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஆகவே என் சங்கடம் தங்களுக்குப் புரியும். இப்போது அந்தப் பன்னிரண்டு பிள்ளைகளும் நேரில் கூடப் போகிறார்கள், உகாண்டாவில், பத்து நாள். டீச்சரும் போகிறாள். செலவு அவர்களுடையது. தகப்பன் சம்மதக் கையெழுத்து மட்டும் வேண்டும். சூடாமணி, "எனக்குச் சம்மதம், அவ அப்பா என்ன சொல்லுகாரோ" என்று பழியை என் தலையில் இறக்கிவிட்டு முருங்கைக்கீரை ஆய்கிறாள். நான் வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? சரி என்றும் எப்படிச் சொல்வேன்? மலேரியா இருக்கிற இடத்துக்கு மலேரியா ஒழிக்கப் போவது தீயணைக்கத் தீக்குள் உட்காருவது போல அல்லவா? விமானம் வழியில் ஒரு ஊரில் நின்று போகுமாம், அந்த ஊரில் இவள் பாத்ரூமுக்குப் போய்விட்டு வருவதற்குள் விமானம் கிளம்பிவிட்டால்? மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட வேண்டுமாம். காய்ச்சலுக்கு நிறமெல்லாம் உண்டு என்று இப்போதுதான் கேள்விப்படுகிறேன். மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. படிவம் கடை மேசையில் கிடக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

ஆதலால் தாங்கள் கடிதம் கண்டதும் முதல் பஸ்ஸில் கிளம்பித் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கவும். ஜெயன் வந்து நிற்பான். வீட்டுக்கு வந்து, ஏதோ தற்செயலாகக் கேள்விப்பட்டது போல, பெண்பிள்ளை இவ்வளவு தூரம் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடவும். நான் பக்கத்தில் நின்று, அத்தான் சொன்ன பிறகு நான் என்ன செய்ய மக்களே என்று வருத்தப்பட்டுக்கொள்கிறேன். தங்கள் வாக்குக்கு அவள் மறுவார்த்தை பேச மாட்டாள். தங்களைக் கொஞ்ச நாள் வெறுப்பாள், அது பிறகு சரியாகிவிடும்.

அக்காவுக்கு என் வணக்கமும் சூடாமணியின் விசாரிப்பும். சின்னவர்களுக்கு ஆசீர்வாதம். தங்கள் முழங்கால் வலி இந்தப் பஸ் பயணத்துக்கு மட்டுமாவது குறைந்திருக்க ஆண்டவன் அருள வேண்டும்.

தங்கள் வரவை வாசலில் நின்று எதிர்பார்க்கும்,
குற்றாலலிங்கம்

பி.கு.: சனிக்கிழமை ராத்திரி. நேற்று ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். இன்றைக்குக் கூட்டத்தில் கம்ப்யூட்டரில் அகெல்லோ முகம் வருகிற கட்டம் காலியாக இருந்தது. காய்ச்சலாம். தியாகோதான் சொன்னான், ரொட்டி இல்லாமல். நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கூப்பிடு மக்களே என்றேன். அவள் அம்மா போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அகெல்லோ கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தாள். ரத்தம் பார்த்தாச்சா என்று நான் தமிழிலேயே கத்திவிட்டேன். ஸ்ரீலட்சுமி நடுவில் மொழிபெயர்க்க, பார்த்தாச்சு, மலேரியாதான், மாத்திரை தொடங்கியாச்சு, பயப்படாதீங்க என்றாள் அகெல்லோ. பிறகு, "அங்கிள், உங்க பதினாலு நாள் மாத்திரையை முழுசா முடிச்சீங்களா?" என்று கேட்டாள். முடித்தேன் என்றேன். நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அத்தான், நான் முடிக்கவில்லை. எட்டு நாள் போட்டேன், சுகமாக இருந்தது, மீதியைக் கடை இழுப்பறையில் போட்டுவிட்டேன். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையிடம் பொய் சொன்ன பிறகு எனக்கு உட்கார முடியவில்லை. ஸ்ரீலட்சுமியிடம் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை, தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். கல்லீரலுக்குள் ஒளிந்திருந்து மறுபடி வருமாம். பிறகு எல்லோரிடமும் சொன்னாள். ஆறு நாட்டிலிருந்தும் எனக்கு ஏச்சு விழுந்தது, எதுவும் புரியாததால் பெரிதாக வலிக்கவில்லை. நாளைக் காலையில் மறுபடி டாக்டரிடம் போகிறோம்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அந்தப் பிள்ளை எழுந்து நடமாடுகிறதா என்று நம் வீட்டு ஆள் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து வர வேண்டாமா? நாலு நாள் எழுதியதைக் கிழிக்க மனம் வராமல்தான் மேலே உள்ளதை அனுப்புகிறேன். இதைக் கண்டு தாங்கள் தயவுசெய்து புறப்பட வேண்டாம். வந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டால், தங்களை மீறி அவளை அனுப்பிவைக்கிற தைரியம் எனக்குப் புதிதாக எங்கிருந்து வரும்?